மறுபடியும் முழுக்கு வேண்டுமா?

பள்ளிக்கு வரும் பெற்றோர் பாடத்திற்குப் புறம்பான கேள்விகளையும் ஆசிரியரிடம் கேட்பதுண்டு. கிறித்தவப் பெற்றோர் என்னிடம் பலமுறை கேட்டது இது: லுத்தரன் சபையிலோ மெதடிஸ்ட் சபையிலோ குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்ற பெண், கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டால் மறுபடியும் ஞானஸ்நானம் பெற வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே விடை. ஆனால் அவ்விடையைக் கேட்டதும் வீட்டிலுள்ள முதியவர்கள், "எங்கள் காலத்தில் மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்களே!" என்பர். அவர்கள் கூறுவதும் உண்மையே. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாயின என்பதை விளக்க ஏறத்தாழ 1,800 ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியுள்ளது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். ஞானஸ்நானம் என்னும் வடசொல் வழக்கே தமிழ்க் கிறித்தவர் அனைவரிடமும் நெடுங்காலம் இருந்தது. கத்தோலிக்கர் இன்று திருமுழுக்கு என்கின்றனர்; சீர்திருத்தச் சபையினருள் பலர் பழைய சொல்லையே போற்றுகின்றனர். இரண்டும் ஒரே சடங்கைக் குறிப்பன. இக்கட்டுரையில் திருமுழுக்கு என்றே எழுதுகிறேன்.

மாணவரை மலாக்காவிற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்ற ஆசிரியர்கள் அங்குள்ள செந்நிறக் கிறைஸ்ட் சர்ச்சை அறிவர். 1641-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் தம் சீர்திருத்தச் சபைக்கென 1753-இல் கட்டி முடித்த ஆலயம் அது; பின்னர் ஆங்கிலிக்கர் வசமாயிற்று. சற்றுத் தொலைவில் 1710-ஐச் சேர்ந்த தூய பேதுரு ஆலயம் இருக்கிறது. டச்சு ஆட்சியில் ஒடுக்கப்பட்டிருந்த கத்தோலிக்கர் நெடுநாள் காத்திருந்து பெற்ற ஆலயம் அது. ஐரோப்பாவின் பிளவு கப்பலேறி நம் கரைக்கு வந்ததற்கு இவ்விரு கட்டடங்களும் சான்று. அப்பிளவு எத்துணை ஆழமாயினும், அது ஒரு செய்தியைத் தொடவேயில்லை என்பதுதான் வியப்பு. கத்தோலிக்கர் கொடுத்த திருமுழுக்கை லுத்தரும் கால்வினும் செல்லாது என்றதில்லை. லுத்தரைப் பின்பற்றியோர் கொடுத்த திருமுழுக்கை உரோமையும் தன் சட்டத்தில் செல்லாது என்றதில்லை.

இக்கொள்கையின் வேர் வட ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கி.பி. 250-இல் பேரரசன் டேசியஸ், குடிமக்கள் யாவரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டுமென ஆணையிட்டான். அஞ்சிப் பலியிட்ட கிறித்தவர் பலர் பின்னர் மனம் வருந்தித் திரும்பினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதென்று வாதிட்ட நோவாசியன் என்பவர் 251-இல் உரோமையில் தனிச்சபை கண்டு, தாமும் திருமுழுக்குக் கொடுக்கலானார். அங்கு முழுக்குப் பெற்றவர் சிலர் சில ஆண்டுகளில் பொதுச் சபைக்கு வந்தனர். இவர்களை எவ்வாறு ஏற்பது?

கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், மீண்டும் முழுக்காட்ட வேண்டும் என்றார். அவர் வாதம் எளிது. திருச்சபைக்கு வெளியே தூய ஆவி இல்லை; ஆவி இல்லாத இடத்தில் ஊற்றிய நீர் வெறும் நீரே; ஆகையால் தாம் கொடுப்பதே முதல் முழுக்கு, அதனை மறுமுழுக்கு என்பது தவறு. 256 செப்டம்பர் முதல் நாளன்று கார்த்தேஜில் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் 87 பேரும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து அவர் பக்கமே நின்றனர். அவர்கள் கூறிய கருத்துகள் தனித்தனியே பதிவாகி இன்றும் கிடைக்கின்றன. உரோமை ஆயர் ஸ்தேவானோ அசையவில்லை. முன்னோர் வழக்கப்படி கைகளை மட்டும் தலைமேல் வைத்து ஏற்றுக்கொண்டால் போதும் என்றார். சிப்ரியான் அனுப்பிய தூதர்களைக் காணவும் மறுத்துவிட்டார். 257-இல் ஸ்தேவான் இறந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 14-இல் சிப்ரியான் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். பூசல் தீராமலே இருவரும் மறைந்தனர். பின்னாளில் இருவரையுமே புனிதர் என வணங்கியது அதே திருச்சபை.

சிப்ரியான் எழுதியவற்றைப் படிக்கும்போது, ஏரணத்தில் அவரே வலிமை மிக்கவர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஸ்தேவானிடம் இருந்தது வழக்கம் ஒன்றே. ஆயினும் அவ்வழக்கமே நிலைத்தது. 314-இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் ஆர்ல் நகரில் கூட்டிய சங்கம், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் முழுக்குப் பெற்று வருவோர்மேல் கைகளை வைத்தாலே போதும் என விதித்தது.

அவ்வழக்கத்திற்குரிய காரணத்தை ஏறத்தாழ 400-ஆம் ஆண்டில் எழுதிக் கொடுத்தவர் அகஸ்தீன். அவரும் வட ஆப்பிரிக்கரே. வேதகலகத்தின்போது மறைநூல்களை அரசிடம் ஒப்படைத்த ஆயர்கள் தந்த அருளடையாளம் எதுவும் செல்லாது என்றனர் தொனாத்துக் கட்சியினர். திருமுழுக்கின் உரிமையாளர் கிறித்துவே என்று அகஸ்தீன் விடையிறுத்தார். கொடுக்கும் கை தூயதோ அழுக்கோ, கொடுக்கப்படுவது கிறித்துவினுடையது. அவர் காட்டிய உவமைகளுள் என் மனத்தில் நின்றது படைவீரனின் சூட்டுக்குறி. உரோமைப் படையில் சேர்ந்தவனுக்கு உடலில் குறியிடுவர். படையை விட்டு ஓடியவன் திரும்பி வந்தால் அவனைத் தண்டிப்பர், மன்னிப்பர். இரண்டாம் முறை குறியிடமாட்டார்கள். முதற்குறி அழியவில்லையே!

சீர்திருத்த காலத்தில் இக்கொள்கைக்குப் பெருஞ்சோதனை வந்தது. அதைக் கொண்டு வந்தவர்கள் மறுமுழுக்கினர் எனப்பட்டோர். 1525 சனவரி 21 அன்று ஜூரிக் நகரில் கொன்ராட் கிரெபெல் என்பவர் ஜியார்ஜ் பிளாவுராக் என்பவருக்கு நீர் ஊற்றினார். இருவரும் குழந்தைப் பருவத்தில் முழுக்குப் பெற்றவர்களே. நம்பிக்கையைத் தன் வாயால் அறிக்கையிட இயலாத குழந்தைக்குக் கொடுப்பது முழுக்கே அன்று, ஆகவே நாங்கள் பெறுவதே முதல் முழுக்கு என்றனர் அவர்கள். காரணம் வேறாயினும், மறுமுழுக்கு என்னும் பெயரைச் சிப்ரியான் மறுத்ததைப் போன்றே அவர்களும் மறுத்தனர்.

அதன் விளைவு கொடியது. 1527 சனவரி 5 அன்று பீலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது ஜூரிக் நகர மன்றம். அம்மன்றம் சீர்திருத்தச் சபையினருடையது என்பதை மறக்கலாகாது. 1529-இல் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில், மறுமுழுக்குப் பெறுவோர்க்கு மரண தண்டனை விதிக்கும் ஆணை நிறைவேறிற்று. லுத்தர் பக்கத்து இளவரசர்கள் எதிர்ப்பு அறிக்கை கொடுத்துப் புரொட்டஸ்டண்டு என்னும் பெயர் பெற்றதும் அதே மன்றத்தில்தான். வேறெதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் இந்த ஆணையில் மட்டும் ஒத்துப்போயின. ஒரே திருமுழுக்கு என்னும் ஒற்றுமை முதன்முதலில் வெளிப்பட்டது இப்படி ஒரு கொலைச்சட்டத்தில்.

லுத்தர் 1528-இல் மறுமுழுக்கினரை மறுத்து எழுதிய நூலில், போப்பாண்டவரின் ஆட்சிக்குள்ளும் மெய்யான திருமுழுக்கு இருக்கிறது என ஒப்புக்கொள்கிறார். கத்தோலிக்கர் பக்கம் 1547 மார்ச் 3 அன்று திரெந்து நகரப் பொதுச்சங்கம் தீர்ப்பு வழங்கியது: தப்பறையாளர் கொடுத்ததாயினும், மூவொரு கடவுளின் பெயரால், திருச்சபை செய்வதையே செய்யும் கருத்தோடு கொடுத்தால் அது மெய்யான திருமுழுக்கு, அன்று என்போர் சபிக்கப்படுக. சாபம் யார்மேல் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். எதிர்த்தரப்பாரின் முழுக்கை மறுக்கும் கத்தோலிக்கர்மேலும் அது விழும்.

பின் எதற்காக நம் பாட்டிமாருக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள்? கொள்கை இடங்கொடாத இடத்தில் ஐயம் நுழைந்துகொண்டது. அந்தப் போதகர் உண்மையிலேயே நீர் ஊற்றினாரா, விரலை நனைத்துத் தடவினாரா? மூன்று பெயரையும் சொன்னாரா? ஐயமிருந்தால் என் செய்வது என்பதற்குத் திருச்சபையில் பழைய வழி ஒன்றுண்டு. நீ இன்னும் முழுக்குப் பெறாதவனாயின், என்று தொடங்கிக் கொடுக்கும் நிபந்தனைத் திருமுழுக்கு அது. தெருவில் கண்டெடுத்த குழந்தை போன்றோர்க்கு ஏற்பட்ட இவ்வழி, நாளடைவில் சீர்திருத்தச் சபையிலிருந்து வருவோர் பலர்க்கும் விசாரணை ஏதுமின்றியே பொது வழக்காயிற்று. ஏட்டில் உள்ள சொல் 'ஆயின்' என்பது. நீரைத் தலையில் வாங்கிக்கொண்டவருக்கோ, அவரைக் குழந்தையாக ஏந்திச் சென்ற தாய்க்கோ அந்த 'ஆயின்' காதில் விழுந்திராது. இதுவரை நீ கிறித்தவள் அல்லள் என்பதே அவர்கள் கேட்டது.

ஐயம் ஒரு பக்கத்து நோய் மட்டுமன்று. அமெரிக்கப் பழைய மரபுப் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுப்பேரவை 1845-இல் சின்சினாட்டியில் கூடி, கத்தோலிக்கத் திருமுழுக்குச் செல்லாது என 169-க்கு 8 என்ற வாக்குக் கணக்கில் முடிவு செய்தது. அச்சபையின் தலைசிறந்த இறையியலாளராகிய பிரின்ஸ்டன் பேராசிரியர் சார்லஸ் ஹாட்ஜ் உடனே அதனை எதிர்த்து எழுதினார். கால்வினே கத்தோலிக்கக் குருவின் கையால் முழுக்குப் பெற்றவர்தாமே; அதனைச் செல்லாதென்றால் சீர்திருத்தத் தந்தையர் ஒருவரும் கிறித்தவராக மாட்டாரே!

இவ்வழக்கின் கடைசிப் பேரொலி 1965-இல் எழுந்தது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் இளைய மகள் லூசி, தம் 18-ஆம் பிறந்தநாளான சூலை 2 அன்று வாஷிங்டன் தூய மத்தேயு பேராலயத்தில் கத்தோலிக்கரானார். எபிஸ்கோப்பல் சபையில் அவர் குழந்தைப் பருவத்திலேயே முழுக்குப் பெற்றவர். அப்படியிருந்தும் நிபந்தனைத் திருமுழுக்கு அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஊரறியாத ஒருவருக்கு நடந்திருந்தால் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். அதிபர் மகளாயிற்றே! எபிஸ்கோப்பல் பேராயர் ஜேம்ஸ் பைக் இதனைத் தம் சபைக்கு நேர்ந்த அவமதிப்பு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். கத்தோலிக்கருள்ளும் பலர் அவர் பக்கமே பேசினர். ஏனெனில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட ஒன்றிப்பு பற்றிய ஆணையில், முறையாகத் திருமுழுக்குப் பெற்ற பிற சபையினரை உடன்பிறப்புகள் என அழைத்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. அப்பதினெட்டு வயதுப் பெண்ணைக் குறைகூற எனக்கு மனமில்லை. சடங்கு முழுமையாக இருக்க வேண்டுமென அவர் விரும்பியது இயல்பே. வழக்கத்திற்கும் கொள்கைக்கும் இடையே இருந்த இடைவெளி அன்று எல்லார் கண்ணிலும் பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

1967-இல் உரோமை வெளியிட்ட ஒன்றிப்பு வழிகாட்டி, விசாரணையின்றி நிபந்தனைத் திருமுழுக்குக் கொடுப்பதைத் தடுத்தது. 1983-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 869-ஆம் விதியில் அதையே சட்டமாக்கியது. இவற்றுக்கு இடையில், 1982 சனவரியில் பெரு நாட்டின் லீமா நகரில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியலாளர்கள் கூடித் திருமுழுக்கு, நற்கருணை, திருப்பணி ஆகியன பற்றி ஓர் ஆவணத்தை ஏற்றனர். கத்தோலிக்கத் திருச்சபை அம்மன்றத்தில் உறுப்பினர் அன்று. எனினும் அந்த ஆவணத்தை வகுத்த ஆணையத்தில் கத்தோலிக்க இறையியலாளரும் இருந்தனர்.

ஜெர்மனியில் இம்முயற்சி கனிந்த இடம் மாக்டெபூர்க். எல்பே ஆற்றங்கரையிலுள்ள அந்நகரின் பெயரைக் கேட்டால் வரலாறு அறிந்தோர்க்கு முதலில் நினைவு வருவது 1631 மே 20. முப்பதாண்டுப் போரின் நடுவே, தில்லி என்னும் தளபதியின்கீழ் வந்த கத்தோலிக்கப் படை, சீர்திருத்த நகரமாகிய மாக்டெபூர்க்கைப் பிடித்து எரித்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். பிணங்களை ஆற்றில் தள்ளினர். உயிர் தப்பியோருள் ஒரு பகுதியினர் பேராலயத்திற்குள் ஒளிந்திருந்தவர்கள். திரெந்துச் சங்கத்தின் தீர்ப்பு அன்று 84 ஆண்டுப் பழமையானது. அதன்படி நோக்கினால், வாள் ஏந்தியவனும் வெட்டுண்டவனும் ஒரே திருமுழுக்கால் கிறித்துவுக்குரியவர்கள். படைவீரர்க்கு இதை எவரேனும் எடுத்துரைத்தனரா என்று ஏடுகளில் தேடிப் பயனில்லை.

அதே பேராலயத்தில், பண்டைக்காலப் பொர்ஃபிரிக் கல்லால் ஆன திருமுழுக்குத் தொட்டி இருக்கும் இடத்தில், 2007 ஏப்ரல் 29 அன்று 11 திருச்சபைகளின் பொறுப்பாளர்கள் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். கத்தோலிக்கரும் ஜெர்மன் சுவிசேஷத் திருச்சபையினரும் மட்டுமல்லர். ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனிய, எத்தியோப்பியத் திருச்சபைகளும், ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், மொரேவியர் முதலியோரும் அதில் இணைந்தனர். தந்தை மகன் தூய ஆவியின் பெயரால், நீரில் அமிழ்த்தியோ நீரை ஊற்றியோ கொடுக்கும் திருமுழுக்கை ஒருவருக்கொருவர் ஏற்கிறோம்; அது ஒருமுறையே நிகழ்வது, மீண்டும் செய்யத்தகாதது என்பது அதன் சாரம். கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த அப்பகுதியில் இன்று பெரும்பான்மை மக்கள் எந்தத் திருச்சபையையும் சாராதவர்கள். புதிய கொள்கை எதையும் அவ்வறிக்கை கூறவில்லை. ஒரு சபையின் சான்றிதழை மற்றொரு சபையின் குரு ஐயமின்றி வாங்கிக்கொள்வார் என்னும் உறுதியைத்தான் அது தந்தது. ஸ்தேவான் சொன்னது நடைமுறைக்கு வர 1,751 ஆண்டுகள்!

கையொப்பமிடாதோரும் உண்டு. பாப்டிஸ்ட் சபையினரும் மென்னோனைட் சபையினரும் ஒதுங்கியே நின்றனர். நம்பிக்கை அறிக்கைக்குப் பின்னரே முழுக்கு என்பது அவர்கள் கொள்கை. குழந்தை முழுக்கை ஏற்பதாக அவர்கள் ஒப்பமிட்டிருந்தால் அது மனச்சான்றுக்கு மாறாகும். அவர்களைப் பிடிவாதக்காரர் என்போரை நான் சந்தித்திருக்கிறேன். லிம்மாட் ஆற்றை நினைத்துப் பார்க்குமாறு அவர்களிடம் சொல்வதுண்டு. 2004-இல் ஜூரிக் சீர்திருத்தச் சபையும், 2010 சூலையில் ஷ்டுட்கார்ட்டில் கூடிய உலக லுத்தரன் கூட்டமைப்பும் அப்பழைய கொடுமைகளுக்காக மறுமுழுக்கினரின் வழிவந்தோரிடம் மன்னிப்புக் கோரின.

அமெரிக்காவில் 2013 சனவரி 29 அன்று டெக்சாஸ் மாநில ஆஸ்டின் நகரப் பேராலயத்தில் கத்தோலிக்க ஆயர் பேரவையும் நான்கு சீர்திருத்தச் சபைகளும் இத்தகைய உடன்பாட்டில் கையொப்பமிட்டன. 169-க்கு 8 என வாக்களித்த பேரவையின் மரபில் வந்த அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையும் அந்நான்கனுள் ஒன்று. வழிந்தோடும் நீரும் மூவொரு பெயரும் வேண்டும் என்று அவ்வுடன்பாடு வற்புறுத்துகிறது. காரணம் உண்டு. சில சபைகளில் தந்தை, மகன் என்னும் ஆண்பாற் சொற்களைத் தவிர்த்துப் படைப்பவர், மீட்பவர், தூய்மையாக்குபவர் என்று சொல்லி முழுக்காட்டும் பழக்கம் தோன்றியிருந்தது. அது செல்லாது என 2008-இல் உரோமை அறிவித்தது.

இங்கே தமிழாசிரியர்க்கு ஆர்வமூட்டும் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய கத்தோலிக்க வழக்கில் சுதன், சீர்திருத்தச் சபையார் வழக்கில் குமாரன், புதிய கத்தோலிக்க வழக்கில் மகன். மூன்றும் ஒருபொருட் பன்மொழி. எதைச் சொன்னாலும் முழுக்குச் செல்லும். மீட்பவர் என்பதோ செயலைச் சுட்டும் வேறு பெயர். உறவு அதில் இல்லை. கீழைத் திருச்சபைகளில் குரு 'நான்' என்றே சொல்வதில்லை. கடவுளின் ஊழியன் இன்னான் முழுக்காட்டப்படுகிறான் என்று செயப்பாட்டுவினையில் கூறுவர். அதையும் உரோமை 1439-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் 'நான்' என்னும் ஒருமையை 'நாங்கள்' எனப் பன்மையாக்கினால் செல்லாது என்று 2020 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. முழுக்குக் கொடுப்பவர் கிறித்து. குரு அவர் சார்பில் நிற்பவர். கூடியிருக்கும் சபையார் கொடுப்பவராக மாட்டார் என்பது அதற்குச் சொன்ன காரணம், அகஸ்தீனின் அதே காரணம். இத்தீர்ப்பு கத்தோலிக்கர் வீட்டையே கலக்கியது. டெட்ராய்ட் மறைமாவட்டத்துக் குரு ஒருவர், தம் குழந்தைப் பருவ ஒளிப்பதிவில் 'நாங்கள்' என்ற சொல்லைக் கேட்டு, தாம் திருமுழுக்கே பெறாதவர் என அறிந்தார். 2017-இல் அவர் பெற்ற குருப்பட்டமும் அதனால் செல்லாததாயிற்று. திருமுழுக்கு முதல் குருப்பட்டம் வரை அனைத்தையும் அவர் புதிதாகப் பெற நேர்ந்தது.

இனிப் பெற்றோர்க்கு நேரடியாகப் பயன்படும் செய்திக்கு வருகிறேன். கத்தோலிக்கச் சட்டப்படி, திருமுழுக்குப் பெற்ற இருவரின் திருமணம் அருளடையாளம். மணமகள் லுத்தரனாக இருந்தால் ஆயரின் அனுமதி போதும். முழுக்கே பெறாதவராக இருந்தால் அனுமதி போதாது. தடையிலிருந்து விலக்கு வேண்டும். அவருடைய பழைய முழுக்கை ஏற்கிறார்களா இல்லையா என்பது இப்படித்தான் ஒரு குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கிறது. ஞானப்பெற்றோர் வகையில், சீர்திருத்தச் சபை உறவினர் ஒருவர் கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சாட்சியாக நிற்கலாம். நற்கருணைப் பந்தி மட்டும் இன்றளவும் பொதுவாகவில்லை. 2015 நவம்பர் 15 அன்று உரோமை நகர லுத்தரன் ஆலயத்திற்குச் சென்ற திருத்தந்தை பிரான்சிஸிடம், கத்தோலிக்கரை மணந்த லுத்தரன் பெண் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டார். இருவருக்கும் திருமுழுக்கு ஒன்றே என்பதை நினைவூட்டிய திருத்தந்தை, அனுமதியும் தரவில்லை, மறுப்பும் சொல்லவில்லை.

சான்றிதழ் தொலைந்துவிட்டதே என்று வருந்துவோர் நம்மிடையே பலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆலயங்கள் மூடப்பட்ட இடங்களில் பழைய பதிவேடுகளைத் தேடுவது எளிதன்று. முதலில் அந்தச் சபையின் தலைமையகத்தில் விசாரியுங்கள். அங்கும் கிடைக்கவில்லையெனில், எவர் உரிமைக்கும் கேடில்லாதபோது, ஐயத்திற்கு இடமில்லாத ஒரே ஒருவரின் சாட்சியம் போதும் என்கிறது சட்டத்தொகுப்பின் 876-ஆம் விதி. அன்று குழந்தையை ஏந்தி நின்ற பாட்டி உயிரோடிருந்தால் அவரையே பங்குக் குருவிடம் அழைத்துச் செல்லலாம்.